ரெண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

சாமிகிட்டப் பூக் கேக்கறதுக்குன்னு ஒரு மொறை இருக்குதுங்க. ஒரு எலையில வெள்ளை அரளி, இன்னொரு எலையில செவ்வரளி, ரெண்டையும் ஒரே மாதிரி மடிச்சு நூல் சுத்திச் சாமி முன்னால போட்டு, வெவரம் தெரியாத ஒரு கொழந்தைய வுட்டு ஒண்ண எடுக்கச் சொல்லோணும். வெள்ளை வந்தாச் செய்யி, செவப்பு வந்தா வேண்டாம். கல்யாணமோ, போர் போடறதோ, கம்பெனி தொறக்கறதோ, எங்க பக்கம் இதக் கேக்காம ஒருத்தரும் ஒரு வேலையில எறங்கறதில்ல. எங்க சாமியாத்தாக்கா என்ன பண்ணுனாங்கன்னா, மேட்டுக்காட்டுல ஏழு கல்லா நிக்கற கன்னிமாரு சாமிங்க முன்னால ஒக்காந்து, "பனியன் கம்பெனி போடப் போறேன் ஆத்தா, உங்கள்ல ஒருத்தி எங்கூடக் கூட்டாளியா வருவீங்களா"ன்னு கேட்டுப்போட்டு, எங்க மாட்டேன்னு சொல்லிருவாங்களோன்னு பயந்து, ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையவே கட்டிப்போட்டாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன். "அக்கா, இது திருட்டு வேலை"ன்னேன். "சும்மா இரு ருக்கு, உனக்கொண்ணும் தெரியாது"ன்னாங்க. கொழந்தை எடுத்துச்சு, வெள்ளை வந்துச்சு, பூசாரி பண்டாரம் மணி அடிச்சாரு, கும்புட்டுப்போட்டு வந்துட்டோம்.

மாட்டேன்னு சொல்ல வழியே இல்லாமச் சரின்னு சொன்னவ வேற என்ன பண்ணுவா? வந்துட்டா.

கம்பெனி தொறந்த அன்னிக்குக் காலையில, கேட்டுக்கு வெளிய பச்சைப் பாவாடையும் கையில சோத்துத் தூக்குப்போசியுமா ஒரு புள்ள நின்னுச்சு. பாத்தாப் பதினாலு பதினஞ்சு வயசு சொல்லலாம். தலை நெறைய எண்ணெய், நெத்தியில மஞ்சள், காலு பூராப் புழுதி. "எங்கிருந்து வர்ற அம்மிணி?"ன்னேன். "மேட்டுக்காட்டுலருந்துங்க"ன்னா. "யாரு வரச் சொன்னாங்க?" "வெள்ளைப் பூ வந்துச்சில்லீங்க, அதான்." நான் சாமியாத்தாக்காவத் திரும்பிப் பாத்தேன், அவங்க வேற எங்கயோ பாத்தாங்க. அதே நேரத்துக்குப் பண்டாரம் சைக்கிள மிதிச்சுக்கிட்டு வந்து எறங்கி, வரிசையில ஏழு கல்லு இருந்த எடத்துல ஆறுதான் இருக்குது, கடைசிக் கல்லு இருந்த எடத்துல குழியும் நாலு எறும்புந்தான் இருக்குதுன்னு சொல்லிப்போட்டு, அந்தப் புள்ளைய ஏற எறங்கப் பாத்து, "ஓ, இங்க இருக்கறயா, செரி செரி, நான் காணாமப் போச்சோன்னு பயந்துட்டேன்"ன்னு மறுபடியும் சைக்கிள்ல ஏறிப் போயிட்டாரு. குழியில ஒரு செங்கல்ல வெச்சு மஞ்சளத் தடவி விட்டதாப் பொறகு சொன்னாரு.

சாமி வேலைக்கு வந்துருச்சேன்னு யாரும் வாயப் பொளக்கல. திருப்பூர்ல ஆளு கெடைக்காமக் கம்பெனிக்காரங்க நாயா அலையற காலம் அது, வந்த ஆள வேண்டாம்னு யாரு சொல்லுவா? வாட்ச்மேன் ஆதார் கேட்டாரு, இல்லேன்னா, செரி பொறகு குடுன்னாரு. வெள்ளிக்கெழமையானா ஊர்ப் பொம்பளைங்க பாதிப் பேரு மேட்டுக்காட்டுக்கும் பாதிப் பேரு கம்பெனி கேட்டுக்கும் பொங்கலத் தூக்கிட்டு வந்தாங்க. ஆறு பாவாடை அங்க, ஒரு பாவாடை இங்க. அயர்ன் மாஸ்டர் பொண்டாட்டி கொழந்தை வேணும்னு, தெச்ச துணியச் சரிபாக்க அவள ஒக்கார வெச்ச செக்கிங் டேபிள் காலுல தொட்டில் கட்டிப்போட்டுப் போயிருச்சு, டேபிள் ஆடுதுன்னு நாந்தான் அவுத்து எறிஞ்சேன். கட்டிங் மாஸ்டர் பீடிய வுட்டாரு. மத்த செக்சன்ல இருக்கற புள்ளைங்க எல்லாம் நான் பாத்துக்கற செக்கிங் செக்சனுக்கு மாத்திக் குடுங்கன்னு வரிசையில வந்து நின்னாளுக, நான் ஒருத்தியும் வேண்டாம் போங்கடின்னு தொரத்துனேன்.

செக்கிங் எனக்குக் கீழங்க. சாமியா இருந்தாலும் சரி, சாமியோட சித்தியா இருந்தாலும் சரி, டீ டைம் முடிஞ்சா எடத்துல இருக்கோணும். ஒரு நாள் வேப்பமரத்தடியில அணிலுக்குப் பொரி போட்டுட்டு நேரங்கழிச்சு வந்தா. "இது என்ன உன்ற கோயில்னு நெனைச்சியா, மசமசன்னு நிக்கறே, போய் ஒக்காரு"ன்னேன். பக்கத்துல இருந்த புள்ளைங்க எல்லாம் என்னவோ நான் அப்பவே செத்துப் போவேன்னு கன்னத்துல போட்டுக்கிச்சுங்க. அவளோ "மன்னிச்சுக்கோங்கக்கா"ன்னு தலையக் குனிஞ்சு ஒக்காந்துக்கிட்டா. நல்ல புள்ளதான், அதச் சொல்லோணும்.

வம்பு வந்தது அவ வெரல்ல. ஒரு பீஸ எடுப்பா, தையல் மேல ஆள்காட்டி வெரல ஓட்டுவா, அவ்வளவுதான். சில பீஸ்ல ஒண்ணும் ஆகாது. சில பீஸ்ல, கழுத்துல வெச்ச வெரலு கையிக்குப் போறதுக்குள்ள தையல் மொத்தமும் பிரிஞ்சு நூலு தனியாத் துணி தனியா விழும். டேமேஜ் குவியுது குவியுது, எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நூல் விக்கறவனக் கூப்புட்டுக் கிழி கிழின்னு கிழிச்சேன். அவ சொன்னா, "அவரத் திட்டாதீங்கக்கா, நூலு நல்லாத்தான் இருக்குது. இதத் தெச்சவங்க காத்தால ஒண்ணுமே சாப்புடலீங்க." பண்டல் யாருதுன்னு பாத்தா ஓவர்லாக் மெசின்ல தெக்கற பொன்னாத்தாளுது. போய்க் கேட்டா, பொன்னாத்தா மொறைச்சா, அப்புறம் அழுதா, ரெண்டு புள்ளைங்களுக்கு ஊட்டி வுட்டுப்போட்டுப் பஸ்ஸப் புடிக்கறதுக்குள்ள எங்கக்கா சாப்புடறதுன்னா. அடுத்தது எடுத்தா, கொழந்தைக்குக் காச்சல், ஊட்டுக்குப் போறேன்னவள மெரட்டி ஒன்றரை ஷிப்ட் ஒக்கார வெச்சது. அதுக்கு அடுத்தது, புருசங்கிட்ட அடி வாங்கிட்டு வந்து அழுதுக்கிட்டே தெச்சது. அவ வெரலு தொட்டுச்சுன்னா எதுவும் மறைஞ்சு நிக்க முடியாது.

சாமியாத்தாக்கா புருசன் வேலப்பண்ணன் குதிகுதின்னு குதிச்சாரு. கெட்ட மனுசன்னு சொல்ல மாட்டேன். அவருக்குச் சொத்துன்னா கட்டடம், காரு, நாலு பேரு பாத்து எந்திரிச்சு நிக்கறது. சாமின்னா வருசத்துக்கு ஒருக்கா அதுக்குண்டான பங்க எடுத்து வெச்சுப்போட்டு நிம்மதியாத் தூங்கறது. "பங்குதான் குடுக்கறமில்ல, வாங்கிக்கிட்டுப் பொட்டாட்டம் கோயில்ல இருக்கறதுக்கென்ன? உள்ள வந்து ஒக்காந்துக்கிட்டு எங்க வயித்துல அடிக்குது"ன்னாரு.  மக்யா நாளு காலையில சாமியாத்தாக்கா பெரிய குண்டா வாங்கியாந்து, இட்லியும் சாம்பாரும் போட்டு, சாப்புட்டவதான் மெசின்ல ஒக்காரோணும்னு சொல்லிட்டாங்க. ஒன்றரை ஷிப்ட்டுக்கு இஷ்டப்பட்டவ மட்டும் இருந்தாப் போதும்னுட்டாங்க. நெசத்தச் சொன்னா அது கருணையுமில்ல ஒண்ணுமில்ல, டேமேஜ் கொறையோணும்னு கெடந்து அடிச்சுக்கிட்டதுதான். ஆனாத் தையல் நின்னுச்சு. அப்பிடி நின்னுச்சு, எங்க கம்பெனி பனியன ரெண்டு பேரு ஆளுக்கொரு பக்கம் புடிச்சு இழுத்தாக்கூடப் பிரியறதில்லைன்னு ஊரெல்லாம் பேச்சாயி, அந்தப் பேச்சு கடல் தாண்டிப் போயி, வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணு பெரிய ஆர்டரத் தூக்கிக்கிட்டு வந்து நின்னுச்சு.

அந்த ஆர்டர் கெடைச்சா இன்னொரு கட்டடம், இன்னொரு நூறு மெசின். சாமியாத்தாக்கா முழிச்சிருந்தாலும் அதே நெனப்பு, தூங்குனாலும் அதே நெனப்பு. பேராசைன்னு நெனைச்சுப்போடாதீங்க. அவங்களுக்குச் சொத்துன்னா என்னன்னு எனக்குத்தான் தெரியும்.

சின்னப் புள்ளையில சாமியாத்தாக்காவும் அவங்க தங்கச்சி பாப்பாத்தியும் வேற ஒரு கம்பெனியில டெய்லருக்குத் துணி மடிச்சுக் குடுக்கற கைமடி வேலைக்குப் போனவங்க. விடியறதுக்கு முந்தி அவங்கம்மா ரெண்டையும் வேன்ல ஏத்தி விட்டு, "கன்னிமாரு கூட இருப்பாங்க, பயப்படாமப் போங்க சாமி"ன்னு சொல்லி அனுப்பும். அந்தம்மாகிட்டக் குடுத்தனுப்ப வேற ஒண்ணும் இல்ல, அதக் குடுத்துச்சு. ஒரு நாளு ஆபீசருங்க ஜீப்பு வந்துருச்சு. சின்னப் புள்ளைங்க வேலை செய்யறது தெரியக்கூடாதுன்னு, அந்தக் கம்பெனிக்காரன் இதுங்களத் தூக்கி வேஸ்ட் துணி மூட்டைக்குள்ள போட்டு, மூட்டை வாயக் கட்டி, குடோன்ல அடுக்கிட்டான். சாமியாத்தாக்காவும் பாப்பாத்தியும் ஒரே மூட்டையில. பஞ்சு மூக்குல ஏறிப் பாப்பாத்திக்கு இருமல் வருது, சத்தம் கேட்டாப் போச்சுன்னு அக்காக்காரி அவ வாயப் பொத்திப் புடிச்சுக்கிட்டு இருந்திருக்கறா. அந்த இருட்டுல மூணாவதா ஒரு கை வந்து அக்காக்காரியோட இன்னொரு கையப் புடிச்சுக்கிச்சு. சின்னக் கை, மஞ்ச வாசம். மூட்டையப் பிரிச்சப்ப ரெண்டு பேருதான் இருந்தாங்க. பாப்பாத்திக்கு இப்பக் கல்யாணமாகிக் காங்கயத்துப் பக்கம் தோட்டத்து ஊட்டுல இருக்கறா, அடை மழை பேஞ்சாலும் கதவச் சாத்த மாட்டா.

அந்த மூட்டைக்குள்ளதான் சாமியாத்தாக்கா முடிவு பண்ணுனாங்க. எனக்குன்னு ஒரு கம்பெனி வரும், அன்னிக்கு எந்த ஜீப்பு வந்தாலும் கேட்டுல நின்னு பேசுவேன், நானும் ஒளிய மாட்டேன், என்னைச் சேந்தவங்களும் ஒளியக் கூடாது. அவங்களுக்குச் சொத்துன்னா அது ஒண்ணுதான். நகையும் காரும் அவங்களுக்கு ஒரு பொருட்டே இல்ல.

இந்த நேரத்துலதான் வெளிநாட்டுக்காரன் சொல்றான், ஆர்டர்ல கையெழுத்துப் போடறதுக்கு முந்தி எங்க ஆளு வந்து கம்பெனியப் பாப்பாரு, எல்லாருக்கும் வயசுக்குச் சான்று இருக்கோணும், சின்னப் புள்ளைங்க ஒருத்தர் இருந்தாலும் ஆர்டர் இல்லைன்னு.

வேலப்பண்ணன் பொண்டாட்டியப் பாக்கறாரு, பொண்டாட்டி என்னையப் பாக்கறாங்க, நான் அவளப் பாக்கறேன். அவ பாட்டுக்கு வெரல ஓட்டிக்கிட்டு இருக்கறா.

"ஒரு நாளைக்குக் கோயில்ல போய் இருந்துட்டு வா அம்மிணி"ன்னு சாமியாத்தாக்கா கெஞ்சுனாங்க. "முடியாதுங்களே. வெள்ளைப் பூவுக்குக் கட்டுப்பட்டு வந்தவ, வேலை நாள்ல கேட்டத் தாண்டுனா அது வாக்குத் தவறுனதா ஆயிருமுங்க"ன்னுட்டா. ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையக் கட்டுனது யாரு? சாமியாத்தாக்கா மூஞ்சி சுண்டிப் போச்சு.

அந்த வெளிநாட்டுக் கம்பெனி ஆளு வர்ற அன்னிக்கு வேலப்பண்ணன் குடோன்ல ஒரு மூட்டையப் பிரிச்சு வெச்சிருந்தாரு. அவர் வாயில சொல்லக்கூட இல்ல, சும்மா அங்க நின்னாரு. அவ அதப் பாத்தா. பாத்துப்போட்டு, ஒண்ணுமே இல்லாத மாதிரி, "அதுக்கென்னங்க, நான் மூட்டைக்குள்ள போயிக்கறேன். அன்னிக்கு மூணு பேரு நெருக்கிக்கிட்டு இருந்தோம், இன்னிக்கு ஒருத்திதானே, தாராளமா இருக்கும்"ன்னு பாவாடையத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஒரு காலத் தூக்கி உள்ள வெச்சா.

சாமியாத்தாக்கா ஒரு சத்தம் போட்டாங்க பாருங்க, மெசின் எல்லாம் நின்னு போச்சு. "எடுடீ காலை!" அப்பிடியே கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு, குடோனத் தாண்டி, கட்டிங்கத் தாண்டி, டெய்லருங்க எல்லாம் எந்திரிச்சு நிக்க, வாசலுக்கு வந்துட்டாங்க. வெளிய காரு ஆரன் அடிக்குது. "கேட்டு ரெண்டு பக்கமும் தொற"ன்னாங்க வாட்ச்மேன்கிட்ட. "குடோன் கதவையும் தொற. கக்கூஸ் கதவையும் தொற. அடைச்சுக் கெடக்கற எல்லாத்தையும் தொற!"

வந்தவரு பெங்களூர்க்காரத் தம்பி, நல்லாத் தமிழ் பேசுனாரு, சட்டையில மடிப்புக் கலையாம இருந்துச்சு. எல்லாத்தையும் பாத்தாரு, இட்லிக் குண்டாவப் பாத்துச் சந்தோசப்பட்டாரு, கடைசியா அவகிட்ட வந்தாரு.

"உன் வயசு என்ன பாப்பா?"

"தெரியலீங்க."

"அப்பா அம்மா?"

"இல்லீங்க. அக்காமாருங்க ஆறு பேரு இருக்கறாங்க, அவங்க கல்லா இருக்கறாங்க."

அந்தத் தம்பி சாமியாத்தாக்காவப் பாத்தாரு. "யாரும்மா இந்தப் பொண்ணு?"

"எங்க கொலசாமி, தம்பி. கம்பெனியில கூட்டாளி. நாந்தான் கூட்டியாந்தேன்."

சிரிக்கல அவரு. இந்தப் பக்கம் நெறையக் கம்பெனி பாத்தவரு, இதவிட ஆச்சரியமெல்லாம் பாத்திருப்பாரு போல. "கூட்டாளிக்கு என் ரிப்போர்ட்ல எடம் இல்லம்மா. செக்கிங் டேபிள்ல ஒரு சின்னப் பொண்ணு வேலை செய்யுது, அதத்தான் நான் எழுத முடியும்"ன்னாரு. அவ அதுக்குள்ள அவர் சட்டைய உத்துப் பாத்து, "அய்யோ, இதத் தெச்சவங்க பாவமுங்க"ன்னு தோள்ல வெரல வெச்சுட்டா. நான் "தொடாத அம்மிணி"ங்கறதுக்குள்ள கை ஒரு பக்கம், காலர் ஒரு பக்கம், முதுகு ஒரு பக்கம் விழுந்துருச்சு. அதே வெளிநாட்டுக் கம்பெனிச் சட்டைதான், எந்த நாட்டுல எவ அழுதுக்கிட்டே தெச்சாளோ. பனியனோட நின்னுக்கிட்டு அந்தத் தம்பி கீழ கெடந்த துணியப் பாத்தாரு, ரொம்ப நேரம் பாத்தாரு. அப்பவும் எழுத வேண்டியத எழுதத்தான் எழுதுனாரு. அவரக் குத்தம் சொல்ல மாட்டேன். பச்சப் புள்ளைங்கள வேலை வாங்கறவனப் புடிக்கத்தானே அவரு வந்தது? சாமியாத்தாக்காவோட சின்ன வயசுல அந்த மாதிரி ஒருத்தரு மூட்டையப் பிரிச்சுப் பாத்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்.

"எழுதுங்க தம்பி"ன்னாங்க சாமியாத்தாக்கா. "நீங்க எழுதறது சரிதான்." அயர்ன் செக்சன்லருந்து புதுப் பனியன் ஒண்ண எடுத்துக் குடுத்து, சாப்பாடும் போட்டு அனுப்புனாங்க. ஆர்டர் போச்சு.

வேலப்பண்ணன் தலையில கைய வெச்சு ஒக்காந்துட்டாரு. "ஒரு மூட்டை சாமியாத்தா. ஒரு மணி நேரம். அதுவே போறேன்னு சொல்லுச்சே!"

"மாமா, அந்த மூட்டைக்குள்ள நான் இருந்திருக்கறேன். நீங்க இருந்ததில்ல."

 அப்புறம் சாமியாத்தாக்கா எங்கிட்ட வந்தாங்க. "ருக்கு, எழுதுனது சரிதான்னு சொன்னேனில்ல, வாய்க்குச் சொல்லல. அவ சின்னப் புள்ள. மாட்டேன்னு சொல்ல வழியில்லாமப் பண்ணிக் கூட்டியாந்து வேலை வாங்கியிருக்கறேன். எனக்கும் அந்த மூட்டைக்காரனுக்கும் என்ன வித்தியாசம்?" நான் அன்னிக்கே திருட்டு வேலைன்னு சொன்னவதானே. கம்பெனி லீவான ஞாயித்துக்கெழமை போய் அரளிப் பூப் பறிச்சேன். ஒரு வெள்ளை. ஒரு செவப்பு. ரெண்டையும் நாந்தான் பாத்துப் பாத்துக் கட்டுனேன்.

மேட்டுக்காட்டுல ஆறு கல்லு, ஒரு செங்கல்லு, எதுக்க நாங்க மூணு பேரு. "வெள்ளை வந்தா இரு, செவப்பு வந்தாப் போயிரு. இந்தத் தடவை உன்னையத்தான் கேக்கறேன், நீயே எடு"ன்னாங்க சாமியாத்தாக்கா.  அவ போய்ட்டாக் கம்பெனிய எது தாங்கும்னு அவங்களுக்கே தெரியல, அவங்க மூஞ்சியிலயே தெரிஞ்சுது. ஆனாக் கைய நீட்டித் தடுக்கல. அவ குனிஞ்சு ஒரு பொட்டலத்த எடுத்துப் பிரிச்சா.

செவப்பு.

அவ மொகத்துல வந்த சிரிப்ப என்னன்னு சொல்றது? பள்ளிக்கூடம் விட்ட புள்ளையாட்டம் இருந்துச்சு. அது வரைக்கும் "ங்க" போட்டுப் பேசுனவ, மொத மொத அப்பத்தான் பேரச் சொல்லிக் கூப்புட்டா. "சாமியாத்தா, இன்னிக்குத்தான் நீ என்னையக் கேட்டிருக்கற." தூக்குப்போசிய எங்கையில குடுத்தா. காலால செங்கல்லத் தள்ளி விட்டுப்போட்டு, வரிசைக் கடைசியில, அக்காமாருங்க பக்கத்துல ஒட்டி ஒக்காந்தா. நான் மூக்கச் சிந்திட்டு நிமுந்து பாக்கறேன், கல்லு. எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு, சொல்றதுக்கென்ன. சாமியாத்தாக்கா அழல. மண்ணத் தட்டிக்கிட்டு எந்திரிச்சு, "வா ருக்கு, நாளைக்கு மெசின் ஓடோணும்"ன்னாங்க.

ஓடுச்சு. சின்னச் சின்ன உள்ளூர் ஆர்டர் வாங்கி, ஈரோட்டுக்கும் சேலத்துக்கும் போட்டு, சாமியாத்தாக்காவே பண்டல் தூக்கி ஓட்டுனாங்க. வேலப்பண்ணன் மெல்ல வந்து, "இனித்தான் வெரலு ஓட்ட ஆளில்லையே, பழையபடி ஒன்றரை ஷிப்ட் வெச்சா என்ன, இட்லிச் செலவும் மிச்சம்"ன்னாரு. "ருக்கு ஓட்டுவா"ன்னாங்க சாமியாத்தாக்கா. என்ற வெரலுக்கு ஒரு தையலும் பிரியறதில்லீங்க, நான் கெடையாக் கெடந்து ஓட்டிப் பாத்தேன். அதனால வாயத் தொறந்து கேக்கறேன். ஒவ்வொரு மெசினுக்கும் போயி, "சாப்புட்டியாடீ? கொழந்தைக்கு எப்பிடி இருக்குது? ஏன் கண்ணு செவந்திருக்குது?" பொன்னாத்தா, என்ற தொல்லைக்குச் சாமியே தேவலைங்கறா.

அந்த வருசக் கோயில் நோம்பிக்குக் கம்பெனி மொத்தமும் மேட்டுக்காட்டுக்குப் போனோம். பாப்பாத்தியும் காங்கயத்துலருந்து வந்திருந்தா. கடைசிக் கல்லுக்கான பச்சைப் பாவாடைய யாரையும் தொட வுடாமச் சாமியாத்தாக்காவே மெசின்ல ஒக்காந்து தெச்சாங்க, பச்சத் தண்ணி பல்லுல படாம வெரதம் இருந்து, விடியக் காலம் தொட்டுத் தெச்சு, அவங்க கையாலயே கல்லுக்குக் கட்டி விட்டாங்க. பண்டாரம் தீவாரணைத் தட்டத் தூக்குனாரு. எல்லாரும் பாத்துக்கிட்டே இருக்கறோம், பாவாடையில இடுப்புலருந்து கீழ வரைக்கும் தையல் மொத்தமும் பிரிஞ்சு நூலு தனியாத் துணி தனியா விழுந்துச்சு.

"சாமிக் குத்தம்!"னு வேலப்பண்ணன் நெடுஞ்சாண்கிடையா விழுந்தாரு.  சாமியாத்தாக்கா ஆடாம நின்னாங்க. அப்புறம் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க, சிரிக்கச் சிரிக்கக் கண்ணுல தண்ணி ஊத்துது. "குத்தமுமில்ல ஒண்ணுமில்ல மாமா, எந்திரிங்க. நான் சாப்புடாமத் தெச்சத அவ கண்டுபுடிச்சுட்டா."

வெரதத்தையும் பாக்கல, மொதலாளியம்மாங்கறதையும் பாக்கல. டெய்லருங்க, அயர்ன் மாஸ்டரு, வாட்ச்மேன்னு எல்லாரும் எலை போட்டு ஒக்காந்திருந்த பந்தியில, பொன்னாத்தாளுக்கும் பாப்பாத்திக்கும் நடுவால எடம் கேட்டு ஒக்காந்து, வயிறு நெறையப் பொங்கல் சாப்புட்டாங்க. கையக் கழுவிக்கிட்டு, ஊசி நூல வாங்கி, அந்தக் கல்லு பக்கத்துல சம்மணம் போட்டு, பாவாடைய மடியில வெச்சு மொதல்லருந்து கையாலயே தெச்சாங்க.

செக்கிங் என்ற வேலையாச்சே. கட்டி விட்டதும் நான் போயி, தையல் மேல வெரல ஓட்டி, ரெண்டு கையாலயும் புடிச்சு இழுத்துப் பாத்தேன். பிரியல.